ஐந்தாவது சொல்

ரகசியமாக எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இப்போது யாராவது அந்த வித்தையைப் பெரிய சாமர்த்தியம் மாதிரி பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

என் வீட்டுக்காரர் மலாக்கா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். நாள் முழுக்க டக் டக் என்று தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அவர் விரல் சும்மா இருக்காது. சோற்றுத் தட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டிருப்பார். "சாப்புடுறீங்களா, இல்ல லண்டனுக்குச் சேதி அனுப்புறீங்களா" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது வந்த முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டின் சொந்தக்காரி ஒரு மலாக்காச் செட்டிப் பெண்மணி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்த கூட்டம். நெற்றி நிறைய விபூதி பூசுவாள், பேசுவது எல்லாம் மலாய். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் மாதா மாதம் வேலியோரம் வந்து நின்று அமாவாசை என்றைக்கு என்று கேட்டுக்கொள்வாள். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தமிழ்க் காலண்டர் தொங்கியது. ஊரில் இருந்த துணிக்கடைக்காரர் வருஷா வருஷம் மதராஸிலிருந்து தருவித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ரப்பர் வியாபாரி ஒருவர் கொடுத்த தந்தியில் மாம்பழம், பூனை, குடை என்று சம்பந்தமில்லாத இங்கிலீஷ் சொற்கள் வரிசையாக இருந்தனவாம். வியாபாரியிடம் ஒரு புத்தகம் உண்டு, அந்தப் பக்கம் வாங்குகிறவரிடமும் அதே புத்தகம் உண்டு, பூனை என்றால் விலை இறங்கிவிட்டது விற்காதே என்று அர்த்தம் என்று விளக்கினார்.

"அந்தப் புத்தகம் இல்லாதவன் கையில கெடச்சா?" என்றேன்.

"மண்ணும் புரியாது. தட்டுற எனக்கே புரியலியே."

அது எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க ஊர் ரகசியத்தை எல்லாம் விரலில் தட்டுகிற மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்பது வேடிக்கையாக இருந்தது. நமக்கும் அப்படி ஒன்று செய்துகொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் பண்டார் ஹிலிரில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். அவர் படித்துச் சொல்வார், நான் கேட்டுக் குறை சொல்வேன். எங்கள் படிப்பு அப்படித்தான் நடந்தது.

முதலில் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதற்கு அடுத்த எழுத்தைப் போட்டு ஒரு கடிதம் எழுதி, முடிந்தால் படி என்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அரிசி வேகிற நேரத்துக்குள் படித்துவிட்டேன். இந்த மனிதர் கடிதம் என்று எடுத்தால் நலம், நலமறிய ஆவல் என்றுதானே ஆரம்பிப்பார். முதல் வரி அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்து எழுத்தைப் பொருத்திப் பார்த்தேன், மிச்சமெல்லாம் தானாக வந்தது. அடுத்த முறை எழுத்துக்குப் பதில் வட்டம், கட்டம், கொக்கி என்று அவரே உண்டாக்கிய குறிகள். தரையில் உட்கார்ந்து எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். தமிழில் க-வும் த-வும் ம்-மும் வராமல் யாரும் நாலு வரி எழுத முடியாது. அதிகக் கொட்டை விழுந்த குறிகளை அப்படிப் பிடித்து இழுத்தால் மற்றவை பின்னாலேயே வந்தன. அவர் வந்ததும் வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ மாத்தாவுல சேர வேண்டிய ஆளு" என்றார். மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ்.

"மாத்தா கையில இந்தக் காயிதம் கெடச்சா படிக்கவே மாட்டான்" என்றேன். "என்னடா இது வட்டமும் கொக்கியுமா இருக்குன்னு மொதல்ல ஒரு அறை விடுவான். படிக்க முடியாம எழுதுறது பெருசில்ல. எழுதியிருக்குன்னே தெரியக்கூடாது."

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் நாங்கள் உருப்படியாக யோசித்தோம். சாதாரணக் கடிதம் ஒன்று எழுதுவது, அதற்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல்லை எடுத்துக் கோத்தால் செய்தி வருவது. மூன்று என்றால் ஒவ்வொரு மூன்றாவது சொல். கோலத்தில் புள்ளியை முதலில் வைத்துவிட்டுப் பிறகு சுற்றிக் கோடு இழுப்பது மாதிரி, வேண்டிய சொற்களை வைத்துவிட்டு நடுவில் குழந்தை, காய்ச்சல், மழை என்று நிரப்ப வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. வீட்டுப் பெண் எழுதும் கடிதத்தில் குழந்தையும் காய்ச்சலும்தான் இருக்கும் என்று ஊரே நம்பும்.

எந்த எண் என்பதுதான் சாவி. ஒரே எண்ணையே வைத்தால் என்றைக்காவது யாராவது கண்டுபிடிப்பான், கடிதத்துக்குக் கடிதம் மாற வேண்டும் என்று புத்தகம் சொல்லியது. சாவியைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பக் கூடாது என்றும் சொல்லியது. அப்படியானால் இரண்டு பேருக்கும் கேட்காமலேயே தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும். நான் சுவரைக் காட்டினேன். கடிதத்தில் தேதி போடுவோம். அந்தத் தேதிக்கு என்ன திதியோ அதுவே எண். துவிதியை என்றால் இரண்டு, சஷ்டி என்றால் ஆறு. தேய்பிறையிலும் பெரிய எண் வரும் நாளிலும் எழுத வேண்டாம்.

"எல்லாக் கடுதாசிலயும் சேதி இருக்காதே" என்றார் அவர். "சும்மா நலம் விசாரிச்சும் எழுதுவோம். இருக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"எண்ணிப் பாருங்க. அர்த்தம் வந்தா சேதி. வரலன்னா வெறும் கடுதாசி."

இதைச் சொன்னது நானா அவரா என்று பிற்பாடு யோசித்து யோசித்துத் தலை வலித்திருக்கிறது. இரண்டு பேருமே தலையாட்டினோம், அவ்வளவுதான்.

அப்போது அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை. சந்தேகம் வந்தால் விசாரணை இல்லாமல் பிடித்து அடைக்கலாம் என்று சட்டம். தொழிலாளர் சங்கம் என்று வாயைத் திறந்தவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன். என் வீட்டுக்காரர் சாயங்காலங்களில் தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். அவருடைய கூட்டாளி ஒரு பஸ் கண்டக்டர், சங்கத்து நோட்டீஸை எல்லாம் பஸ்ஸிலேயே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். என் தம்பி ஒருவன் இருந்தான். எனக்கு ஒரே தம்பி. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று கத்தினான் என்று அவன் பேரில் வாரண்ட் வந்தது. காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்றும் சேர்த்துவிட்டார்கள். கொடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பிடித்தால் தூக்கு என்று மட்டும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர்தான் அவனைப் புக்கிட் காதிலில் ஒரு மலாய்க்காரருடைய சின்ன ரப்பர்த் தோட்டத்தில், வேறு பெயரில், பால் வெட்டும் ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த இடம் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தம்பி அவரை மாமா, மாமா என்று சுற்றிவருவான். "மாமா இருக்காருல்ல, நீ ஏன்க்கா பயப்படுற" என்பான்.

சில வாரத்திலேயே மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலையில் சைக்கிளை எடுத்து வாசலில் வைத்திருந்தார், போலீஸ் லோரி வந்து நின்றது. கண்டக்டரையும் அன்றைக்கே பிடித்தார்கள். இரண்டு பேரையும் வடக்கே ஒரு தடுப்பு முகாமில் ஒரே கொட்டகையில் போட்டிருப்பதாகப் பிறகு தெரிந்தது. பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது.

முகாமுக்கு மாதம் ஒரு கடிதம் அனுப்பலாம். ஒரு தாள், ஒரு பக்கம். அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் எல்லாவற்றையும் படித்து, பிடிக்காத வரியில் கறுப்பு மையைப் பூசிவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார். நான் காலண்டரைப் பார்த்து ஒரு திருதியை நாளில் எழுதினேன். தம்பி சுகம் என்ற சேதியை உள்ளே வைத்தேன். அவரிடமிருந்து பதில் வந்தது. தேதியைப் பார்த்து, திதியைப் பார்த்து, விரல் வைத்து எண்ணினேன். அங்கேயே இருக்கட்டும் என்று வந்தது. மை பூசிய வரி ஒன்றுகூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். அவசரகாலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒரு காலை நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதமும் அப்படியே பொருந்தியது. இனி இது பொய்க்காது என்று நம்பிவிட்டேன்.

கண்டக்டரின் மனைவியும் எங்கள் தெருவில்தான் இருந்தாள். என்னைவிடச் சின்னவள். தண்ணீர்க் குழாயடியில் தினம் பார்ப்போம். இரண்டு பேர் புருஷனும் உள்ளே என்பதால் மற்றப் பெண்கள் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்கள். அவள் மட்டும் ஒட்டிக்கொண்டு பேசுவாள். ஒரு காலையில் முகம் கழுவிப் பவுடர் போட்டு, தலை நிறையப் பூ வைத்து வந்தாள்.

"என்னம்மா விசேஷம்?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. இவுங்க சீக்கிரம் வந்துருவாங்க. மாத்தா பெரிய ஐயாவே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு."

"அப்படியா. எங்க வூட்டுக்காரரும் வருவாரா?"

அவள் வாளியைப் பார்த்தாள். "அது தெரியாதுக்கா. இவுங்க அங்க இருக்கிறது சும்மா இல்லியாம். கூட இருக்கிறவங்க பேசுறதக் கேட்டுச் சொல்லணுமாம். இன்னும் ஒரு விஷயம் மட்டும் பாக்கியாம். அதக் கேட்டுச் சொல்லிட்டா விட்டுர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அவளுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை. புருஷன் வருகிற சந்தோஷத்தில் இருந்தாள். அந்த ஒரு விஷயம் என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளி நிரம்பி வழிகிறது என்று பின்னால் நின்றவள் கத்திய பிறகுதான் குழாயை மூடினேன்.

முகாமுக்கு நேரில் போக மனு போட்டேன். பதிலே வரவில்லை. தந்தி கொடுக்கலாம் என்றால் தந்தியையும் படிக்கிறார்கள். ஒரு நாள் பிள்ளையை வீட்டுக்காரச் செட்டிப் பெண்மணியிடம் விட்டுவிட்டு, கீரை வாங்கப் போகிறவள் மாதிரி கூடையோடு புக்கிட் காதிலுக்குப் போனேன். தம்பி மரத்தடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, கிளம்பிப் போய்விடு என்றேன்.

"எங்கக்கா போவேன்? ரோட்டுக்கு ரோடு அடையாளக் கார்டு கேக்குறான். இங்கதான் யாரும் என்னப் பாக்கல."

"அந்தப் படுபாவி வாயப் புடுங்கிருவான்டா."

"மாமா வாயா?" என்று சிரித்தான். "மாமா சொல்ல மாட்டாரு. நீ உன் கடுதாசிய எழுது. அவருக்குத் தெரிஞ்சிட்டா போதும்."

அவன் சிரித்தது எனக்குக் கோபமாக வந்தது. திட்டினேன். நல்லதாக நாலு வார்த்தை பேசாமல் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

காலண்டரில் நெருக்கத்தில் ஒரு பஞ்சமி இருந்தது. ஐந்து நல்ல எண், நிரப்புவதற்கு இடம் கிடைக்கும். பிள்ளை தூங்கிய மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதினேன். வேண்டிய சொற்கள் ஐந்தே ஐந்து. அவற்றைச் சுற்றி நிரப்புவதுதான் பாடாக இருந்தது. கண்டக்டரைப் பற்றி ஒரு சொல் வந்தால்கூடப் படிக்கிறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது. அதனால் மேலாகப் படித்தால் அவரைப் புகழ்வது போலவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நலம் விசாரிக்கிற முதல் வரியை நாங்கள் எண்ணுவதில்லை. அதற்குக் கீழே நான் எழுதியது இதுதான்:

"குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். உடனிருக்கும் நண்பரை நினைத்து ஆறுதல். ஊரார் பேச்சை நம்பாதீர்கள். அவர் வீட்டில் எல்லோரும் சுகம். ஒன்றும் குறையில்லை. அம்மாவுக்கு எழுதினால் காய்ச்சலைச் சொல்லாதீர்கள்."

ஐந்து ஐந்தாக எண்ணினால் உங்கள், நண்பரை, நம்பாதீர்கள், ஒன்றும், சொல்லாதீர்கள். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை. பயத்தோடு பயமாக, கொஞ்சம் கர்வமும் இருந்தது. உள்ளே படிக்கிற அந்தத் தமிழ்க்காரர் இதைப் பார்த்து நல்ல பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு முத்திரை குத்துவார் என்று நினைத்தேன்.

அவர் அப்படித்தான் குத்தியிருக்கிறார். பதில் வந்தது. உன் கடிதம் கிடைத்தது, மனதுக்குத் தெம்பாக இருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள் என்று என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். தேதியைப் பார்த்து எண்ணினேன். அர்த்தம் வரவில்லை. அர்த்தம் வராவிட்டால் வெறும் கடிதம். தெம்பாக இருக்கிறது என்றால் புரிந்துகொண்டார் என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் புரிந்தது என்று ஒரு சொல்லை உள்ளே வைத்திருக்கலாமே என்று அவர் மேல் கோபம் வந்தது. அடுத்த கடிதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. முன்னால் எழுதினாலும் வாங்க மாட்டார்கள்.

நானும் அவரும் எத்தனை படித்திருந்தோம். மற்றவன் படிக்காமல் எழுதுவது, எழுதியதே தெரியாமல் எழுதுவது, சாவியை மாற்றுவது. போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்கு ஒரு வழி வேண்டும் என்று மட்டும் எங்கள் புத்தியில் படவே இல்லை. ஒரே சோற்றுப் பானையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டதால் இருக்கலாம்.

கண்டக்டர் விடுதலையாகி வந்தார். வந்தவர் தெருவில் யாரிடமும் பேசவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு காலையில் புக்கிட் காதிலுக்கு லோரிகள் போயின. பாசாரில் மீன்காரன்தான் முதலில் சொன்னான், ரப்பர்க்காட்டில் ஒருவனைச் சுட்டுவிட்டார்களாம் என்று. யாரென்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் வந்து அடையாளம் காட்டட்டும் என்று போட்டிருந்தார்கள். முழங்கால் வரை பால்கறை படிந்த காற்சட்டை. நான் அக்கா என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அழுதேனா என்று நினைவில்லை. அவனைத் திட்டிவிட்டு வந்தது மட்டும் நினைவு இருந்தது.

பக்கத்து வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் துக்கம் கேட்க வந்தாள். முகத்தைத் துண்டால் மூடிய ஒரு தமிழ் ஆள் லோரியிலிருந்து இறங்கிக் கை காட்டினானாம். தம்பி வாளியைப் போட்டுவிட்டு ஓடினானாம். "மாமா சொல்லிட்டாரு, மாமா சொல்லிட்டாருன்னு சொல்லிக்கிட்டே ஓடினான்மா. யாரும்மா அந்த மாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். அம்மா காதில் விழவில்லை. அந்த மட்டில் நல்லது.

முகாமுக்கு எழுதினேன். தம்பி போய்விட்டான் என்று நேராகவே எழுதினேன். இனி மறைத்து எழுதுவதற்கு என்ன இருக்கிறது. கண்டக்டர் குடும்பம் தெருவைக் காலி செய்துகொண்டு போனது. போகும்போது அவள் என் வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். நான் கதவைத் திறக்கவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு வந்த காலத்தில் என் வீட்டுக்காரரை விட்டார்கள். பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம், பையன்கள் மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு துணி மூட்டையோடு நடந்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பிள்ளை அவரைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளிந்தது. தந்தி ஆபீஸில் இனி வேலை கிடையாது என்று அங்கேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"அவன் போய்த் தம்பியப் பாத்தானா?"

"யாரு?"

"கண்டக்டருதான். வெளிய போறேன்னு அவன் சொன்னதும் நான்தான் சொன்னேன், பய தனியா இருக்கான், அரிசி புளி எதாச்சும் கொண்டுபோய்க் குடுன்னு. மொதல்ல யோசிச்சேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாதேன்னு. அங்க ரெண்டு மூணு பேரு அவனப் பத்தி ஒரு மாதிரியா வேற பேசினாங்க. நீதான் எழுதியிருந்தியே, ஊரார் பேச்ச நம்பாதீங்கன்னு. அதுக்கப்புறம்தான் மனசுக்கு நிம்மதியாச்சு. பாத்தானா? கடைசில அவனுக்கு ஒரு வாய் சோறாவது கெடச்சிச்சா?"

"பாத்தான்" என்றேன். "லோரில வந்து பாத்தான்."

அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை. மூட்டையை இழுத்து அவிழ்த்தேன். என் கடிதங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதில் அந்தக் கடிதத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். "எண்ணுங்க" என்றேன்.

"அதான் அப்பவே எண்ணினேனே. ஒண்ணும் வரலியே."

"எத்தினின்னு எண்ணினீங்க?"

"ஆறு. அன்னிக்கு ஆறுதானே."

"அன்னிக்குப் பஞ்சமி."

"கொட்டாயில சீனங்க ஒரு காலண்டர் மாட்டியிருந்தாங்க. அதுல பிறை நாளும் போட்டிருக்கும். அவுங்க பதினஞ்சும் நம்ம பௌர்ணமியும் ஒண்ணுதானே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. மொத ரெண்டு கடுதாசிக்கும் சரியா வந்துச்சே."

காஜா பேராங்கில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். பக்கத்து வீட்டுச் சீனர் ஊதுபத்தி கொளுத்தினால் பௌர்ணமி வந்துவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். ஆனால் அவர்கள் அமாவாசை அன்றைக்கே ஒன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கு மறுநாள்தான் பிரதமை. சில மாதம் இரண்டும் சேர்ந்து நடக்கும், சில மாதம் ஒன்று தள்ளிப் போகும். எங்களுக்கு முதல் இரண்டு முறையும் சேர்ந்து நடந்தது. அர்த்தம் வராதபோது ஒன்றைக் குறைத்து எண்ணிப் பார்த்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். எதற்குப் பார்ப்பார். வராவிட்டால் வெறும் கடிதம் என்றுதானே இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். என் கடிதம் அவருக்கு வெறும் கடிதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. வெறும் கடிதத்தில் நான் எழுதியிருந்ததை அவர் அப்படியே நம்பியிருக்கிறார்.

அவர் சோற்றுக் கையைத் துடைக்காமலே விரலை வைத்து எண்ணினார். ஐந்தாவது சொல், பத்தாவது சொல். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். பதினைந்தாவது சொல்லில் விரல் நின்றது. பிறகு கடைசிவரை எண்ணி முடித்தார். தாளில் குழம்புக் கறை ஒட்டியிருந்தது.

நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். எனக்கும் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு சத்தம் எழும்பவில்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "நான்தான் சொன்னேன்னு தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "அவன் தூங்கிக்கிட்டு இருந்தானாம். ஒண்ணுமே தெரியாதாம்."

அவர் தலையை ஆட்டினார். தட்டில் மிச்சம் இருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். தட்டின் ஓரத்தில் அதற்கப்புறம் அவர் தட்டியதே இல்லை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டான் என்றுதான் கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நான் ஆமாம் என்பேன்.